ஓடும்போதே கவனிப்போம்: நம் வீட்டுச் சாவிக் கடிகாரங்கள்



நம் பகுதியில் பழைய குடும்பங்கள் பலவற்றில் பீரோவின் உள் அறையில் ஒரு கைக்கடிகாரம் இருக்கும். அத்தா வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கியதாக இருக்கலாம். தாதாவுக்கு நிக்காஹ்வில் பெண் வீட்டார் போட்டதாக இருக்கலாம். பெரும்பாலும் அது சாவி கொடுத்து ஓடும் எச்.எம்.டி. கடிகாரம். "நன்றாகத்தானே ஓடுகிறது, அதற்கு எதற்குச் சர்வீஸ்?" என்பதுதான் அதைப் பற்றி நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு. இந்த இதழின் பாடம் அந்தக் கேள்விக்கான பதில். சுருக்கமாகச் சொன்னால், சாவிக் கடிகாரத்தை ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வீஸ் செய்ய வேண்டும். நின்ற பிறகு செய்வது சர்வீஸ் அல்ல, ரிப்பேர். இன்றைய நிலையில் அந்த ரிப்பேருக்கு வேண்டிய உதிரிபாகம் கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

நம் ஊருக்கும் கடிகாரத்துக்கும் உள்ள உறவு

ஓசூருக்குக் கடிகாரம் புதிய பொருள் அல்ல. 1984-இல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் தன் ஆலையை அமைத்தது நம் ஓசூரில்தான். நம் தெருக்களிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் டைட்டன் தொடக்கத்திலிருந்தே பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரங்களைத்தான் முதன்மையாக வைத்துக்கொண்டது. அதற்கு முந்தைய தலைமுறை கையில் கட்டியது எல்லைக்கு அப்பால் இருந்து வந்தது. ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூரில், 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு எச்.எம்.டி. கடிகாரத் தயாரிப்பு தொடங்கியது. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர், காஞ்சன் ஆகிய பெயர்கள் நம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் கல்யாணச் சீர், தேர்வில் முதல் மதிப்பெண்ணுக்குப் பரிசு, ஓய்வு பெறும் நாளின் அன்பளிப்பு என எல்லாவற்றுக்கும் எச்.எம்.டி. என்றே பேச்சு.

குவார்ட்ஸ் கடிகாரம் மலிவாகவும் துல்லியமாகவும் வந்தபின் சாவிக் கடிகாரத்தின் சந்தை சுருங்கியது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இந்தச் செய்தி நம் பீரோவில் உள்ள கடிகாரத்தையும் நேரடியாகத் தொடுகிறது. தயாரித்த நிறுவனமே இல்லாதபோது, ஒரு பல்சக்கரம் தேய்ந்தால் புதிது எங்கிருந்து வரும்? பழைய கடைகளில் மிச்சமிருக்கும் சரக்கிலிருந்து வரலாம். இல்லையென்றால் இன்னொரு கடிகாரத்தைப் பிரித்து எடுக்க வேண்டும். இரண்டும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகும்.

உள்ளே என்ன நடக்கிறது?

சாவி கொடுக்கும்போது ஒரு சிறு டப்பிக்குள் இருக்கும் மெயின் ஸ்பிரிங் சுருள்கிறது. அது விரிய முயலும் விசைதான் கடிகாரத்துக்கு உணவு. ஒருமுறை முழுமையாகச் சாவி கொடுத்தால் ஏறத்தாழ 40 மணி நேரம் ஓடும். அந்த விசை வரிசையாக உள்ள பல்சக்கரங்கள் வழியே போய், கடைசியில் பேலன்ஸ் வீல் என்ற சிறு சக்கரத்தை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறது. தலைமுடி போன்ற ஹேர் ஸ்பிரிங் அதை ஒவ்வொரு முறையும் திரும்ப இழுக்கிறது. நாம் காதில் வைத்துக் கேட்கும் 'டிக் டிக்' அந்த ஆட்டத்தின் ஓசை.

எச்.எம்.டி.யின் சாதாரணச் சாவிக் கடிகாரம் ஒரு மணி நேரத்தில் 18,000 முறை துடிக்கிறது. அதாவது ஒரு நொடிக்கு 5 துடிப்பு. ஒரு நாளைக்கு 4,32,000. ஓர் ஆண்டுக்கு 15 கோடியே 76 லட்சத்துக்கும் மேல். ஐந்து ஆண்டு விடாமல் ஓடினால் கிட்டத்தட்ட 79 கோடி. இவ்வளவு ஆட்டமும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே தடிமன் உள்ள எஃகு முனைகளின் மேல் நடக்கிறது. அந்த முனைகள் தேயாமல் இருக்கத்தான் செயற்கை மாணிக்கக் கற்களில் துளையிட்டுப் பொருத்தியிருக்கிறார்கள். முகப்பில் '17 ஜுவல்ஸ்' என்று இருப்பது இந்தக் கற்களைத்தான் குறிக்கிறது. நகைக்கடையில் விலைபோகும் கல் என்று நினைத்து யாரும் ஏமாற வேண்டாம். அவை உழைக்கும் கற்கள்.

எஃகு முனைக்கும் கல்லுக்கும் நடுவே ஊசிமுனை அளவு எண்ணெய் இருக்கிறது. கடிகாரத்தின் ஆயுளே அந்த எண்ணெயில்தான். ஆண்டுகள் ஆக ஆக அது கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் வேறு இடத்துக்குப் பரவும், மிஞ்சியது பிசின்போலக் கெட்டியாகும். கண்ணுக்குத் தெரியாத தூசி அதில் ஒட்டினால் அந்தக் கலவை உப்புத்தாள் போல வேலை செய்யத் தொடங்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிரானைட் அறுக்கும், பாலிஷ் போடும் பட்டறைகளில் பறக்கும் தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் உண்டு. அவை கடிகாரத்தின் எஃகைவிடக் கடினமானவை. அத்தகைய இடங்களில் வேலை செய்வோர் சாவிக் கடிகாரத்தை வீட்டிலேயே விட்டுச் செல்வது நல்லது.

ஓடுகிறது என்பதால் நலமாக இருக்கிறது என்று பொருள் அல்ல

மக்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் இதுதான். எண்ணெய் வறண்ட கடிகாரமும் பல மாதங்கள், சில நேரம் பல ஆண்டுகள்கூட, ஓரளவு சரியான நேரம் காட்டிக்கொண்டே இருக்கும். பேலன்ஸ் வீலின் வீச்சு குறைந்தாலும் ஹேர் ஸ்பிரிங் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஏறக்குறைய அதே நேரத்தையே எடுத்துக்கொள்வதால் முள் பெரிதாகப் பிந்தாது. வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் உள்ளே எஃகு தேய்ந்துகொண்டிருக்கும். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு வலி இல்லாததால் நோய் இல்லை என்று ஆகிவிடாது அல்லவா? இதுவும் அப்படித்தான்.

சிப்காட்டில் வேலை செய்யும் நம் சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை அட்டவணைப்படி நிறுத்தி, எண்ணெய் மாற்றி, தேய்ந்ததைப் பார்த்துவிட்டு மீண்டும் ஓட விடுவதைத் தொழிற்சாலையில் பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ் என்கிறார்கள். நின்ற பிறகு போய்ப் பார்ப்பதை பிரேக்டவுன் என்கிறார்கள். எது மலிவு என்று ஷிப்ட்டில் நிற்கும் எவரும் சொல்வார். மோட்டார் சைக்கிளுக்கு நாள் தவறாமல் ஆயில் மாற்றும் நாம், தாதாவின் கடிகாரத்துக்கு மட்டும் இருபது ஆண்டாக ஒரு துளி எண்ணெய்கூடக் கொடுக்காமல் இருப்பது நியாயமா?

ஒரு நிமிடத்தின் மதிப்பு நமக்குத் தெரியும்

பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. சென்னையும் ஓசூரும் ஏறத்தாழ இரண்டரைப் பாகை இடைவெளியில் இருப்பதால், தீர்க்கரேகைக் கணக்கில் மட்டும் ஓசூரில் சூரியன் சென்னையைவிடச் சுமார் 10 நிமிடம் பிந்தி மறைகிறது. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையிலேயே ஏறக்குறைய ஒன்றரை நிமிட வித்தியாசம் உண்டு. அதனால்தான் ஒவ்வொரு ஊருக்கும் தனித் தொழுகை அட்டவணை போடுகிறோம். நிமிடக் கணக்கில் இவ்வளவு கவனமாக அட்டவணை தயாரித்துவிட்டு, அதைப் பார்க்கும் கடிகாரம் நாளுக்கு மூன்று நிமிடம் பிந்தினால் அந்தக் கவனம் முழுதும் வீண்தான். ரமளானில் ஸஹர் முடிவையும் இஃப்தாரையும் கைக்கடிகாரத்தைப் பார்த்தே முடிவு செய்யும் பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

நேரம் காட்டும் கருவியைப் பேணுவது நம் மரபில் பொறுப்பான ஒரு பணியாகவே இருந்தது. பெரிய பள்ளிவாசல்களில் தொழுகை நேரத்தைக் கணித்துச் சொல்ல முவக்கித் என்ற அறிஞரை நியமித்திருந்தார்கள். திமிஷ்கின் உமய்யா பள்ளிவாசலில் அந்தப் பொறுப்பில் இருந்த இப்னு ஷாத்திர் 1371-இல் அங்கே ஒரு சூரியக் கடிகாரம் அமைத்தார். சூரியக் கடிகாரத்துக்கு எண்ணெய் வேண்டாம்; அதில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. சக்கரங்களால் ஓடும் கடிகாரத்தை நாம் ஏற்றுக்கொண்டபோதே அதன் பராமரிப்பையும் சேர்த்துத்தான் ஏற்றுக்கொண்டோம்.

சரியான சர்வீஸ் எப்படி இருக்கும்?

கடைக்காரர்கள் இதை ஓவராயிலிங் என்பார்கள். முறையாகச் செய்தால் அது இந்த வரிசையில் நடக்கும்.

1. பின்மூடியைத் திறந்து, துரு, ஈரம், உடைந்த பாகம் உள்ளதா என்று பார்ப்பார்.
2. மெயின் ஸ்பிரிங்கில் உள்ள விசையை மெல்ல இறக்கிவிட்டு, இயந்திரத்தைப் பாகம் பாகமாகக் கழற்றுவார்.
3. ஒவ்வொரு பாகத்தையும் அதற்கென்ற திரவத்தில் கழுவி உலர்த்துவார்.
4. லென்ஸ் வைத்து எஃகு முனைகளையும் கற்களையும் சோதிப்பார். தளர்ந்த மெயின் ஸ்பிரிங்கை மாற்றுவார்.
5. திரும்பப் பொருத்தும்போது, விசை அதிகம் உள்ள இடங்களுக்குக் கெட்டியான எண்ணெயும், வேகமாக ஆடும் இடங்களுக்கு மெல்லிய எண்ணெயும், மிகச் சிறு அளவில் இடுவார். சில இடங்களில் எண்ணெய் இடவே கூடாது.
6. முகப்பு மேலே, கீழே, சாவி கீழே எனப் பல நிலைகளில் வைத்து ஓட்டத்தைச் சரிசெய்வார். நேரம் அளக்கும் கருவி இருந்தால் வீச்சையும் பார்ப்பார். முழுச் சாவியில் 270 பாகைக்கு மேல் இருந்தால் நலம். 200-க்கும் கீழே இருந்தால் உள்ளே ஏதோ தடை இருக்கிறது.

இதற்குப் பல மணி நேர உழைப்பு தேவை. இயந்திரத்தைக் கழற்றாமலே முழுதாகப் பெட்ரோலில் முக்கி எடுத்து, மேலே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுப் பத்து நிமிடத்தில் கையில் கொடுப்பது சர்வீஸ் ஆகாது. பழைய அழுக்கு கல்லின் துளைக்குள்ளேயே தங்கிவிடும். புதிய எண்ணெய் அதைக் கரைத்துத் தேய்மானத்தை வேகப்படுத்தும். சில மாதம் நன்றாக ஓடிவிட்டு மீண்டும் நிற்கும் கடிகாரங்கள் பெரும்பாலும் இப்படிக் 'கழுவப்பட்டவை'தான்.

தினமும் கட்டும் சாவிக் கடிகாரத்துக்கு 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்வது பொதுவான வழக்கு. பீரோவில் பல ஆண்டு உறங்கிய கடிகாரத்தை எடுத்த உடனே முழுச் சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்காதீர்கள். எண்ணெய் வறண்டிருக்கும் நிலையில் ஓட்டும் ஒவ்வொரு மணி நேரமும் தேய்மானம்தான். முதலில் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

கொடுக்கும்போது கேட்க வேண்டியவை

"இயந்திரத்தை முழுதாகக் கழற்றிக் கழுவுவீர்களா?" என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். முகப்புக்குப் புதிதாகப் பெயின்ட் அடிக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மங்கிய அசல் முகப்புதான் உங்கள் அத்தா பார்த்த முகப்பு; அது பளபளப்பைவிட மதிப்புள்ளது. பல கடிகாரங்களின் பாகங்களை ஒன்றாகக் கோத்து, புதுப் பெயின்ட் அடித்து, 'பழைய அசல்' என்று விற்பவை சந்தையில் ஏராளம். ஆகவே வீட்டில் உள்ள அசலைக் கொடுத்துவிட்டுப் பளபளப்பான இன்னொன்றை மாற்றிக்கொள்ளாதீர்கள். கொடுப்பதற்கு முன் முகப்பையும் பின்மூடி எண்ணையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது இருவருக்குமே நல்லது.

கூலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கண்ணில் லென்ஸ் மாட்டிக் குனிந்து வேலை செய்யும் மெக்கானிக்குகள் நம் ஊர்களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். பேட்டரி மாற்றுவதும் பட்டை மாற்றுவதும்தான் அவர்களுக்கு இன்று பிழைப்பு. அரை நாள் உழைப்புக்கு ஐந்து நிமிட வேலையின் கூலியைக் கொடுத்துவிட்டு, "நல்ல மெக்கானிக் யாருமில்லை" என்று நாமே வருந்துகிறோம். உழைப்புக்கு உரிய கூலியை மனமுவந்து கொடுப்போம். ஐ.டி.ஐ. முடித்த, கை நடுங்காத, பொறுமையுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், மூத்த மெக்கானிக் ஒருவரிடம் மாலை நேரத்தில் உட்கார அனுப்புங்கள். அவர் போன பிறகு அந்த வித்தையைக் கற்றுத்தர ஆள் இருக்காது.

தினசரிக் கவனிப்பு

ஒளூ செய்யும் முன் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் வையுங்கள். பழைய சாவிக் கடிகாரங்கள் தண்ணீரைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. நாளுக்கு ஐந்து முறை ஈரம் பட்டால் சாவி வழியே நீராவி உள்ளே போய்த் துருப்பிடிக்கும். கண்ணாடிக்குள் பனி படர்ந்தது போலத் தெரிந்தால் அன்றே மெக்கானிக்கிடம் போங்கள், வெயிலில் காயவைக்காதீர்கள்.

காலையில் ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு சாவி கொடுங்கள். இறுக்கம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். முழுச் சாவி கொடுத்தால் கெட்டுவிடும் என்பது தவறான பேச்சு. இறுகிய பின்னும் வலுவந்தமாகத் திருகினால்தான் கெடும்.

தேதி உள்ள கடிகாரத்தில் இரவு 9 மணி முதல் அதிகாலை 3 மணி வரை தேதியைக் கையால் மாற்றாதீர்கள். அப்போது தேதிச் சக்கரத்தின் பல் மாட்டிக்கொண்டிருக்கும், உடைய வாய்ப்புண்டு.

கைப்பேசி உறையின் காந்தம், ஸ்பீக்கர், பெரிய மோட்டார் ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். ஒரே நாளில் பல நிமிடம் முந்தத் தொடங்கினால் ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கலாம். காந்தம் நீக்கும் கருவி உள்ள மெக்கானிக் சில நொடிகளில் சரிசெய்துவிடுவார்.

பேட்டரிக் கடிகாரம் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு: நின்றுபோன கடிகாரத்துக்குள் செத்த பேட்டரியை விட்டு வைக்காதீர்கள். அது கசிந்தால் உள்ளே உள்ள சர்க்யூட்டை அரித்துவிடும்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு வாரப் பயிற்சி

பிள்ளைகளோடு சேர்ந்து இதைச் செய்யுங்கள். தினமும் உபயோகத்தில் உள்ள சாவிக் கடிகாரத்தைக் கைப்பேசியின் நேரத்தோடு நொடிக்கு நொடி சரியாக வையுங்கள். ஏழு நாள் தினமும் ஃபஜ்ருக்குப் பின் சாவி கொடுத்து, எத்தனை நொடி முந்தியது அல்லது பிந்தியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு நாளுக்கு 86,400 நொடி. அதில் 30 நொடி பிந்தினாலும் அந்தப் பழைய இயந்திரம் ஏறத்தாழ 99.97 சதவீதம் சரியாக ஓடுகிறது என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். நாளுக்கு நாள் வித்தியாசம் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் கவலை வேண்டாம். ஒரு நாள் 20 நொடி, மறுநாள் 2 நிமிடம் என்று தாறுமாறாக இருந்தாலோ, முழுச் சாவி கொடுத்தும் ஒரு நாள்கூடத் தாங்காமல் நின்றாலோ, சர்வீஸ் காலம் கடந்துவிட்டது என்று கொள்ளுங்கள். எண்கள் எல்லாம் நன்றாக இருந்து, கடைசிச் சர்வீஸ் எப்போது என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை என்றாலும் முடிவு அதேதான். கொடுத்த தேதியை ஒரு சீட்டில் எழுதிக் கடிகாரப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். அடுத்த தலைமுறை தேட வேண்டியிருக்காது.

நேரம் கிடைத்தால் பெங்களூர் ஜாலஹள்ளியில் உள்ள எச்.எம்.டி. பாரம்பரிய அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். தாதாவின் கையில் இருந்தது எப்படிப் பிறந்தது என்று பார்த்துவிட்டு வந்தால், அதைப் பழைய இரும்புக் கடையில் போட அவர்களுக்கு மனம் வராது.

பெரியவர்கள் விட்டுச் சென்ற பொருளை நாம் அமானிதம் என்கிறோம். அமானிதத்தைப் பூட்டி வைத்தால் மட்டும் போதாது, கெடாமல் காத்து அடுத்தவர் கையில் ஒப்படைக்க வேண்டும். இந்த மாதம் பீரோவைத் திறக்கும்போது அந்தக் கடிகாரத்தை வெளியே எடுங்கள். அது இன்னும் ஓடும் நிலையில் இருந்தால், கொடுக்க வேண்டிய நேரம் இதுவே.